சத்தம் போடாத வீடு

எனக்குப் பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவேன். அதனால் எங்கள் வீட்டில் பகலில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அழைப்பு மணியின் வயரை அப்பா பிடுங்கிவிட்டார். சண்டை போடுவதானால்கூடக் கிசுகிசுவென்றுதான். தங்கச்சிக்கு நான் வைத்த பெயர் சுண்டெலி.

அவள் பக்கத்துக் கல்லூரியில் நுண்ணுயிரியல், இரண்டாம் வருடம். பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்திருந்தாள். நடுவில் வந்து சேர்கிறவர்களுக்கு அந்தத் துறையில் ஒரே ஒரு இடம். நான் படிப்பைப் பாதியில் விட்டவன். பெரிய கதையெல்லாம் இல்லை. பிடிக்கவில்லை, விட்டேன். இவளுக்குப் பைத்தியம் மாதிரிப் பிடித்திருந்தது. அந்த இடம் இவளுக்குத்தான் கிடைக்க வேண்டும்.

வீடியோ நேர்காணல் அன்று காலை, நான் போர்த்திக்கொண்டு கிடந்தேன். தூக்கம் எங்கே வரும்? அவள் மேசைக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"குரலே கேக்கலைம்மா. மைக் சரியா இருக்கா?" என்றது கம்ப்யூட்டர்.

அவள் ஏதோ முணுமுணுத்தாள்.

"இன்னும் கேக்கலை. இப்ப படிக்கிற இடத்தை ஏன் விடணும்னு நினைக்கிறீங்க?"

மறுபடியும் கிசுகிசு. மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. எல்லாம் பழக்கதோஷம்.

"சரி, நேரமாகுது. அடுத்தவங்களைக் கூப்பிடலாமா?" என்றது இன்னொரு குரல்.

திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். "ஏய் சுண்டெலி! கத்துடி! நான் தூங்கலை!"

கம்ப்யூட்டரில் மூன்று முகங்கள் என் கிழிந்த பனியனையே பார்த்தன.

"யாரும்மா அது?"

"எங்க அண்ணன் சார். நைட் ஷிப்ட். அதான் பகல்ல நாங்க சத்தமாப் பேசுறதில்ல."

யாரோ சிரித்தார். "அதான் முழிச்சிட்டாரே. இப்ப சொல்லுங்க."

சொன்னாள் பாருங்கள்! அவளுக்கு அப்படியொரு தொண்டை இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். "எங்க காலேஜ்ல மைக்ரோஸ்கோப்பை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாங்க சார். போர்டுல இருக்கிற படத்தைப் பார்த்து வரைஞ்சே மார்க் வாங்குறோம். எனக்குப் படம் வேணாம். கிருமி நெளியறதைப் பார்க்கணும்!"

மேல்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். "மானத்தை வாங்கிட்டியேடா," என்று என்னைத் திட்டியதும் கிசுகிசுவென்றுதான்.

முடிவு வந்த அன்று நிஜமாகவே தூங்கிவிட்டேன். மத்தியானம் தாகமெடுத்து எழுந்து வந்தால், கூடத்தில் மூன்று பேரும் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். டிவியை ம்யூட்டில் போட்டதுபோல ஒரு பொட்டுச் சத்தமில்லை. அப்பா ஒற்றைக் காலில். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு. சுண்டெலி சோபாமேல்.

என்னைப் பார்த்ததும் செல்போனை நீட்டி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"காதுல விழலை," என்றேன்.

"இடம் கிடைச்சிடுச்சுண்ணா!"

"மேல்வீட்டுக்காரருக்குக் கேக்கலையாம்."

அவ்வளவுதான், வீடே அதிரக் கத்தினாள். அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, தொங்கிக்கொண்டிருந்த வயரை மறுபடி மாட்டினார். அம்மா வாசலுக்கு ஓடி, அழைப்பு மணியை அழுத்தினாள். விரலை எடுக்கவே இல்லை.