பேச்சிமுத்துவுக்கு யாருமில்லை

ஃபிரிட்ஜ் வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அது நடுவில் நின்றுகொள்ள, ஒரு பக்கம் ராஜபாண்டியும் மறுபக்கம் அவன் மனைவி உமாராணியும் மூச்சு வாங்கினார்கள்.

"கதவக் கழட்டுனாத்தான் போவும் போல."

"வாங்கிட்டு வரும்போது கழட்டியா கொண்டாந்தோம்? சாய்ச்சுப் பிடிங்க. வெரசா. மேடம் வந்திரப் போறாவ."

சும்மா சொல்லக்கூடாது, உமாராணி கலெக்டராகியிருக்க வேண்டியவள். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களை வீடு வீடாகப் பார்க்க தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வருகிறது, பிள்ளைகள் தயவில் வசதியாக இருக்கிறவர்களுக்கெல்லாம் பணத்தை நிறுத்துகிறார்கள் என்று முத்தையாபுரம் முழுக்கப் பேச்சு கிளம்பிய அன்றே அவள் காரியத்தில் இறங்கிவிட்டாள். டி.வி., மிக்ஸி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ராஜபாண்டியின் பைக், மாமனாரும் பேரன்களும் சேர்ந்து சிரிக்கிற போட்டோ எல்லாம் பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்காவிடம் போய்ச் சேர்ந்தன. பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியாயிற்று. சீலிங் ஃபேனை மட்டும் கழட்ட முடியவில்லை. அதில் ஒரு பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, ஓடாத ஃபேனாக ஆக்கியிருந்தாள்.

ஃபிரிட்ஜ் ஒருவழியாக வெளியே வந்து பிளாரன்ஸ் வீட்டுக்குள் நுழைந்தது. ஏற்கெனவே அங்கே ஒன்று இருந்ததால் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒட்டி நின்றன. பிளாரன்ஸ் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தாள்.

"ஏளா உமா, எங்க மாமியாருக்கும் அந்தப் பணம் வருது, தெரியும்லா? இப்பம் எங்க வீடு பண்ணையாரு வீடு மாரி இருக்கு. மேடம் இங்கன நுழைஞ்சா நான் என்ன சொல்ல?"

"இன்னைக்குச் செவ்வாக்கெழமதானக்கா? வீட்டப் பூட்டிட்டு அந்தோணியாரு கோயிலுக்குப் போயிருங்க."

"அவருகிட்டப் போயி இதுக்கா மன்றாட?" என்று முனகிக்கொண்டே பிளாரன்ஸ் மாமியாரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

ராஜபாண்டிக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அவன் துறைமுகத்தில் காண்டிராக்டில் கிரேன் ஓட்டுகிறவன். பொய் சொல்லிப் பணம் வாங்கினது தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகும், கேஸ் என்று வந்தால் துறைமுகத்துக்குள் விடுகிற கேட் பாஸ் போய்விடும், கேட் பாஸ் போனால் கிரேனைச் சினிமாவில்தான் பார்க்கலாம் என்று கூட வேலை பார்க்கிறவன் ஒருவன் கிளப்பிவிட்டிருந்தான். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, அந்தப் பணமே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருவோம். ஒங்களுக்கு என்ன வேணும்னாலும் நான் தாரேன்லா?" என்று பேச்சிமுத்துவிடம் கேட்டும் பார்த்தான்.

கேட்டிருக்கக்கூடாது. கிழவர் அன்று முழுக்கப் பட்டினி கிடந்தார். ஆறுமுகநேரி உப்பளத்தில் வாழ்நாளெல்லாம் உப்பு வாரியவர் அவர். மனைவி போன பிறகு மகனோடு வந்து இருக்கிறார். மகன் நன்றாகத்தான் வைத்திருந்தான், மருமகளும் குறை வைக்கவில்லை. ஆனால் காலையில் டீக்கடைக்குப் போனால் கூட இருக்கிற நாலு பேருக்கு டீ சொல்ல வேண்டாமா? அதற்குப் போய் மகனிடம் கை நீட்டுவதா? சர்க்கார் பணம் என்றால் அது ஒரு கெத்து. அந்தப் பணத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, குடிக்கிறவன் எழுந்து போக முடியாதபடி அவர் பேசுகிற பேச்சு ஒன்றே ஒன்றுதான். "எம்மவன் ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாம்லே. கண்டெய்னர அப்படியே அலுங்காமத் தூக்கி வைப்பான், தொட்டில்ல பிள்ளையப் போடுத மாரி." பிள்ளை இல்லை என்று உமாராணி மனு எழுதி வாங்கிக் கொடுத்த காசு முழுவதும் பிள்ளையைப் பற்றிப் பேசியே தீர்ந்தது.

ஒத்திகையில் வந்த சிக்கலும் அதுதான். உமாராணிதான் மேடம்.

"பெரியவரே, ஒங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு. சிங்கம்."

"மாமா! இல்லன்னு சொல்லணும்."

"சரி, திருப்பிக் கேளு."

"பிள்ளைங்க உண்டா?"

பேச்சிமுத்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "மேடத்துக்கு எந்த ஊரு?" என்றார்.

எத்தனை தடவை கேட்டாலும் இதே கதைதான். கடைசியில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்த்துச் சொல்லிவிட்டார். "ஏளா, கண்ணு தெரியலன்னு சொல்லச் சொல்லு, சொல்லுதேன். காது கேக்கலங்கேன். நொண்டிக் காட்டச் சொல்லு, நொண்டுதேன். பிள்ள இல்லன்னு மட்டும் எனக்கு வாயில வராது. இருக்கவன எப்படிளா இல்லங்க முடியும்?"

அதனால்தான் மயக்கத் திட்டம் வந்தது. பேச்சிமுத்து கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடக்க வேண்டியது. முடியாமல் கிடக்கிறார் என்று சொல்லி மற்றதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களாக நின்று உமாராணியும் ராஜபாண்டியும் சொல்லிவிட வேண்டியது. அதிலும் கிழவர் சும்மா கிடக்கவில்லை. உமாராணி "பாவம் மேடம், இவியளுக்கு யாருமே இல்ல" என்று சொல்லும்போதெல்லாம் கட்டிலிலிருந்து ஒரு செருமல் வரும். நாலு வீட்டுக்குக் கேட்கிற செருமல். மயக்கத்தில் இருப்பவர் யாரும் அப்படிச் செருமியதாகச் சரித்திரம் இல்லை.

அன்று காலை மட்டும் மனிதர் சொன்னபடி கேட்டார். கருப்பட்டிக் காப்பியைக் குடித்தார். கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். "இந்தா, மூடிட்டேன். இனி ஒங்க பாடு" என்று உமாராணியிடம் சொல்லிக் கண்ணை மூடினார். அவர்கள் சாமான்களைத் தூக்கிப் போவதும் வருவதுமாக இருக்க, அவர் அசையவேயில்லை.

வெயில் ஏறிய பிறகு மேடம் வந்தார். சரண்யாதேவி என்று பெயர். சின்ன வயதுதான், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல, எல்லாரிடமும் மரியாதையாகப் பேசினார். உள்ளூர்த் தலையாரி லீவு என்பதால் பக்கத்துக் கிராமத் தலையாரி சுடலைராஜ் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தார். தெரிந்த முகம் இல்லை என்றதும் உமாராணி மனதுக்குள் திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"நீங்க?" என்று சரண்யாதேவி கேட்டார்.

"பக்கத்து வீடு மேடம்" என்றான் ராஜபாண்டி.

தலையாரி அவனையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே சாடையால்லா இருக்கு? அந்த மூக்கப் பாருங்க மேடம்."

"ஒரே குழாத் தண்ணியத்தான அண்ணாச்சி குடிக்கோம்" என்றாள் உமாராணி சட்டென்று.

தலையாரி அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. மேடம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சாக்குக் கட்டிய ஃபேனைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. உமாராணி பாடம் ஒப்பிக்க வாயைத் திறந்தாள். ஆனால் மேடம் ராஜபாண்டியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவருக்குப் பிள்ளைங்க யாரும் உண்டா?"

இது உமாராணியின் வசனம். அவள் சொல்லுவாள், இவன் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்றுதான் பேச்சு. ராஜபாண்டி அவளைப் பார்த்தான். மேடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம்" என்றான். "யாரும் இல்ல."

சொல்லிவிட்டுச் செருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வரவில்லை. கட்டிலில் ஒரு அசைவும் இல்லை. அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தான். கேட்டுவிட்டுத்தான் இப்படிக் கிடக்கிறார், அவ்வளவு கோபம். மேடம் போனதும் காலில் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"மாமா இன்னைக்குத்தான் ஒழுங்கா நடிக்காவ" என்று உமாராணி அவன் காதில் கிசுகிசுத்தாள்.

"கைரேக மட்டும் எடுத்துட்டுப் போயிருதோம். தொந்தரவு பண்ண வேண்டாம், படுத்தே இருக்கட்டும்" என்றார் மேடம்.

தலையாரி பெருவிரலைப் பிடித்து மெஷினில் வைத்தார். மெஷின் சிவப்பு காட்டியது. துடைத்து வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரலை வைத்தார். அதுவும் சிவப்பு.

"உப்பளத்துல வேல பாத்த கை மேடம்" என்றாள் உமாராணி. "ரேகையெல்லாம் உப்பு தின்னுட்டு. போன தடவையும் இப்பிடித்தான். தண்ணி தொட்டு வச்சா விழும்."

தண்ணீர் வந்தது. தலையாரி விரலை நனைத்தார், அழுத்தினார், ஊதினார், தன் சட்டையில் துடைத்தார். பிறகு விரலை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மூக்கடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். மெஷினை எடுத்துத் தரையில் மெதுவாக வைத்தார்.

"மேடம், இதுக்கு மேல எடுக்க முடியாது" என்றார். "பெரியவரு போயிட்டாரு."

"ஐயோ மா—" என்று உமாராணியிடமிருந்து கிளம்பிய ஓலம் பாதியில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி எவ்வளவு அழலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஐயோ மா... மனுசன் பாவம்" என்று முடித்துவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ராஜபாண்டி நின்ற இடத்திலேயே நின்றான். அவனுக்குக் காதுக்குள் கிரேன் ஓடுவதுபோல ஒரு இரைச்சல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட் பாஸ், கேட் பாஸ் என்று மனது அதை அமுக்கியது. சீ, என்ன மனது இது என்றும் இருந்தது.

அழுததென்னவோ சரண்யாதேவிதான். "நாம வந்து நிக்கும்போதா இப்படி? கடைசியில ஒருத்தர் கூட இல்லாமப் போயிட்டாரே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார். உடனே அதிகாரியாகவும் ஆகிவிட்டார். ஃபோனை எடுத்து மாநகராட்சிக்குப் பேசினார். "சார், ஆதரவற்ற பிரேதம் ஒண்ணு. ஆமா சார், உரிமை கோர யாரும் இல்ல. அடக்கத்துக்கு வண்டி அனுப்புங்க. முத்தையாபுரம்."

'ஆதரவற்ற பிரேதம்' என்றதும் ராஜபாண்டி கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். அவன் உமாராணியைப் பார்த்தான். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலையாரிக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், அநாதையா அனுப்ப வேண்டாம். நல்ல மூஞ்சியா இருக்காரு. நான் கொள்ளி வச்சிருதேன். எங்கய்யா சாவும்போது நான் பம்பாயில கெடந்தேன், வைக்கக் குடுத்து வைக்கல. அத இவருக்குச் செஞ்சதா இருக்கட்டும்" என்று சொல்லிக் காக்கிச் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "மொட்ட மட்டும் போட மாட்டேன், மக கல்யாணம் வருது. பேச்சிமுத்துதான பேரு? தகப்பனார் பேரு தெரியுமா தம்பி?"

சட்டையைக் கழற்றி மடித்து ராஜபாண்டியிடமே நீட்டினார்.

"வேய்!" என்று கத்தினான் ராஜபாண்டி. சட்டை போய் மூலையில் விழுந்தது. "எங்கப்பாவுக்குக் கொள்ளி வைக்க நீரு யாருவே? நான் என்ன செத்தா போயிட்டேன்? மேல கை வச்சீருன்னா பாரும்!"

சட்டை கழற்றிய உடம்போடு தலையாரி அப்படியே நின்றார்.

"உங்க அப்பாவா?" என்றார் சரண்யாதேவி.

"ஆமா மேடம். எங்க அப்பா. இது எங்க வீடு. இவ எம்பொண்டாட்டி." திறந்த வாய் மூடவில்லை. "அங்கன பூட்டிக் கெடக்க வீட்டுல ரெண்டு ஃபிரிட்ஜ் இருக்கு, அதுல ஒண்ணு எங்களுது. டி.வி. எங்களுது. பைக் எங்களுது. ஃபேன் ஓடும் மேடம், சாக்க அவுத்தா நல்லா ஓடும். நான் ஹார்பர்ல கிரேன் ஓட்டுதேன். கேஸ் போடணும்னா போட்டுக்கிடுங்க, கேட் பாஸ் போனாப் போவுது. அந்த வண்டி மட்டும் வேண்டாம் மேடம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

இதற்குத்தான் காத்திருந்தவள் போல உமாராணி "ஐயோ மாமா, என்னப் பெத்த மாமா!" என்று கட்டில் மேல் விழுந்தாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததால் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

சரண்யாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பயனாளி இறந்துட்டாருன்னு எழுதுவேன். அதுக்கு மேல நான் கேட்டத எழுத எனக்கு இன்னைக்குக் கை வரல. வேற எவரும் கேட்டா நீங்க உண்மையச் சொல்லுங்க. முதல்ல ஆக வேண்டியதப் பாருங்க" என்றார்.

ராஜபாண்டி அவருக்குக் கைகூப்பினான். பிறகு தலையாரியிடம் போனான். மூலையில் கிடந்த சட்டையை எடுத்து உதறிக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. ஒண்ணு கேக்கணும். அப்பா எப்பம் போயிருப்பாவ?"

"வெரலு மடங்கவே மாட்டேங்கு தம்பி. காலையிலயே போயிருப்பாரு."

"நீங்க வாரதுக்கு முன்னாலயா?"

"வெகு முன்னால. ஏன்?"

"நான் மேடத்துக்கிட்டச் சொல்லும்போது... இல்லன்னு சொன்னேம்லா? அப்பம் இருந்திருப்பாவளா?"

சுடலைராஜ் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடியே அவன் முகத்தைப் பார்த்தார். "இல்ல தம்பி. அதுக்கு ரொம்ப முன்னாலயே போயாச்சு. அவரு எதையும் கேக்கல."

"நல்லாத் தெரியுமா?"

"நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். சத்தியமாக் கேக்கல."

"நல்லவேள!" என்றான் ராஜபாண்டி. சத்தமாகவே சொல்லிவிட்டான். ஓலம் கேட்டு ஓடிவந்து வாசலில் நின்ற ஜனம், தகப்பன் செத்ததற்கு இப்படியும் ஒருவன் சொல்லுவானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் காதோடு குனிந்து "அப்பா, நாந்தாம்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

சரண்யாதேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து மாநகராட்சிக்குத் திரும்பவும் ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போல. இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார்.

"வண்டி வேண்டாம் சார். மகன் இருக்காரு... ஆமா சார், இருக்காரு. மகன் இருக்காரு!"