பெட்டி இருப்பு

பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்த பெண்மணி, திரைக்குப் பின்னாலிருந்து வந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டதும் கையிலிருந்த ரசீதை மடக்கிக்கொண்டாள்.

"தெரியாம வந்துட்டேன். இன்னொரு நாள் வாங்கிக்கறேன்."

"இருங்கம்மா. இன்னிக்கு ஊருக்குக் கிளம்பணும்னுதானே கோட்டைக் குடுத்தீங்க," என்றார் இஸ்திரிக்காரர். "நேத்து காலையில அவரே தேய்ச்சு மாட்டிட்டுத்தான் போனார்."

சலவைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் படுத்திருந்தார். ஸ்கூட்டரை விற்றதிலிருந்து அவருக்கு நடைதான். நேற்று மத்தியானம் துணி மூட்டையோடு மேட்டுத் தெருவில் ஏறிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று ஒரு படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வண்டி நாலு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

தங்கை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் கடை கிடையாது என்று வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நம்பரெல்லாம் அதில்தான் இருந்தது. உள்ளே போய் அண்ணன் முகத்தைப் பார்ப்பதைவிட இது சுலபமாகவும் இருந்தது.

பெண்மணி போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டு, கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் வெளியேறினாள்.

"இருநூத்தறுபது. ஏத்திடுங்க ஆடிட்டரம்மா," என்றார் இஸ்திரிக்காரர். "விட்டுப்போச்சுன்னா மனுஷன் தூங்க மாட்டார்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்ததோ என்னவோ, அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த சட்டைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

'ஆடிட்டரம்மா' அண்ணன் வைத்த பெயர். அவள் ஒரு கம்பெனியில் சாதாரணக் கணக்கர்தான். இரண்டு வருடம் முன்பு இந்தக் கணக்கு சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து வைத்தவள் அவள். 'நமக்கு எதுக்கும்மா இந்த யானையெல்லாம்' என்று பின்வாங்கிய அண்ணனுக்காகவே ஒரு சின்னப் பக்கம் அமைத்துக் கொடுத்தாள். தொகையை அடிக்க வேண்டும். ரொக்கமானால் பச்சைப் பட்டன், போனில் வந்தால் நீலப் பட்டன். கீழே 'பெட்டி இருப்பு' என்று பெரிய எழுத்தில் ஓர் எண். ராத்திரி கடை மூடும்போது கல்லாப் பெட்டியிலும் அதே பணம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நீலப் பட்டன் ஆறு மாதம் முன்பு சேர்த்தது. ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கிற நெருக்கடி. ஒரு மதிய இடைவேளையில், ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்தாள்.

இருநூற்று அறுபது அடித்து நீலத்தை அழுத்தினாள். பெட்டி இருப்பு இருநூற்று அறுபது ஏறியது.

அவள் கை நின்றது.

ஏறக் கூடாது. அந்தப் பணம் பேங்குக்கல்லவா போயிருக்கிறது. ஒரு ரூபாய் அடித்து மறுபடி நீலத்தை அழுத்தினாள். பெட்டி இருப்பில் ஒரு ரூபாய் கூடியது. அந்தப் பட்டனை எந்தக் கணக்கோடு இணைத்திருக்கிறோம் என்று திறந்து பார்த்தாள். 'ரொக்கம்' என்று இருந்தது. அவளே தேர்ந்தெடுத்தது.

ஆறு மாதத்து நீலப் பதிவுகளைக் கூட்டினாள். இருபதாயிரத்துச் சொச்சம். பெட்டிக்கு வராத பணம், பெட்டியில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் திரை சொல்லிக்கொண்டிருந்த பணம். பேங்க் கணக்கை அவள் வருடக் கடைசியில்தான் சரிபார்ப்பாள்.

அப்படியானால் ராத்திரி ராத்திரி எப்படிச் சரியாக இருந்தது?

தினமும் அண்ணனிடமிருந்து போன் வரும். 'பெட்டியும் திரையும் ஒண்ணு. சரியா இருக்காம்மா?' என்பார். 'சரியா இருக்குண்ணா' என்று, பாதி நேரம் பார்க்காமலே சொல்லிவிட்டு வைப்பாள். ஆரம்ப நாளில் நூற்றைம்பது குறைந்ததற்கு, அண்ணியின் முன்னால், 'பணத்துக்குக் காலா முளைச்சுது?' என்று கேட்டவள் அவள்தான். அதற்குப் பிறகு ஒரு நாளும் குறைந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அண்ணி சமையலறையில், பற்றவைக்காத அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள்.

"அண்ணி, ஸ்கூட்டரை எதுக்கு வித்தாங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்னு என்கிட்ட சொன்னாங்க. நான் கேலிகூடப் பண்ணினேன்."

"டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல." அண்ணி வாசற்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். பெட்டியில தினம் குறையுது, நூறு, எரநூறுன்னு. எனக்கு மறதி வந்துடுச்சு போலிருக்கு, மிச்சச் சில்லறையைத் தப்பாக் குடுத்துடறேன்னார். ஸ்கூட்டர் பணம் பீரோவுல இருந்தது. அதுலேருந்து எடுத்து எடுத்துப் போடுவார்."

தினம் நூறு, இருநூறு. அந்த இருபதாயிரத்தைத் தங்கை மனதுக்குள் மறுபடி கூட்டினாள்.

"எங்கப்பாவுக்குக் கடைசியில யாரையும் அடையாளம் தெரியாமப் போச்சு இல்ல, அதைக் கூட இருந்து பாத்தவர், அந்த பயம். ராத்திரி என்னை எதிர்ல உக்காத்தி வெச்சு, நம்ம கல்யாணம் என்னிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் பேரு என்னன்னு தன்னையே கேட்டு, தானே பதில் சொல்லுவார். சரியாச் சொல்லிட்டு என் முகத்தைப் பாப்பார்." அண்ணி நிறுத்தினாள். "அந்த மெஷின்ல தெரியுமா? நெஜமாவே அவருக்கு மறதி இருந்துதா?"

இந்தக் கேள்வியைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் தங்கை தப்பித்திருப்பாள். இதற்கும் தெரியாது அண்ணி என்று ஒரு வார்த்தை போதும்தான். யாரும் அந்த நீலப் பட்டனைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

"இல்ல அண்ணி. அண்ணன் ஒரு பைசாகூடத் தப்பாக் குடுக்கல. மெஷின்ல நான் ஒரு இடத்துல தப்பா வெச்சுட்டேன். குறையவே இல்லாத பணத்தைக் குறையுதுன்னு காட்டியிருக்கு. பணமெல்லாம் பேங்க்ல அப்படியே இருக்கு."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று தங்கை நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாமே, மனுஷன்," என்றாள் அண்ணி கடைசியில்.

"கேக்கற மாதிரி நான் இருக்கலையே அண்ணி."

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பண்ண? பயந்தவர் அங்க இருக்கார். வண்டி வர்றதுக்குள்ள போய் அவர்கிட்ட சொல்லு."

தங்கை போனாள். கூடத்தில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். காலையிலிருந்து அவள் இவ்வளவு பக்கத்தில் வரவில்லை. குளிப்பாட்டி, தலை வாரி, அவரே வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். முட்டி போட்டு, காதருகே குனிந்தாள்.

காதுக்குப் பின்னால் பென்சில் செருகுகிற இடத்தில் ஒரு சின்னக் கறுப்புத் தீற்றல் இருந்தது. குளிப்பாட்டியவர்கள் கவனிக்கவில்லை. அவள் விரல் அதுவரை போய், தொடாமல் திரும்பியது.

"சரியா இருக்குண்ணா," என்றாள்.