கடுகு பொரியாத நாளில் நகர்ந்த வீடு

சிங்காநல்லூரில் வேலுமணியின் வீடு, சென்ற ஆண்டு ஜூன் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வடக்கே நான்கு அங்குலம் நகர்ந்தது. சுவரில் விரிசல் இல்லை. பரணில் கிடந்த அண்டாகூட அசையவில்லை. வாசற்படி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால் பால்காரர்தான் முதலில் தடுக்கி விழுந்தார். வேலுமணி பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைக்காரர். அளவு விஷயத்தில் ஆளை ஏமாற்ற முடியாது. டேப்பைப் பிடித்துப் பார்த்து, "நாலு இஞ்சுங்க" என்று பால்காரருக்கும் சொல்லிவிட்டு, படியைப் பிரித்து நகர்த்திக் கட்ட கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

சமையல்தான் காரணம் என்பது அவர் மனைவி கனகத்துக்கு மறு வாரமே தெரிந்துபோயிற்று. அவர்களுடைய ஒரே மகள் ரித்திகா ஆறு வருடம் ரஷ்யாவில், வோல்கா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மருத்துவம் படித்துவிட்டு வந்திருந்தாள். இங்கே டாக்டராக எழுத வேண்டிய தேர்வில் முதல் தடவை எட்டு மார்க்கில் கோட்டை விட்டாள், இரண்டாம் தடவை மூன்று மார்க்கில். அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் மொட்டைமாடிக்குப் போவாள், போனதும் இறங்குவாள். என்னதான் வேணும் கண்ணு என்று கனகம் கேட்டபோது பீஃப் ஸ்ட்ரோகனாஃப் என்றாள். அங்கே அறைத்தோழியின் அம்மா சனிக்கிழமைதோறும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவருவாராம். மெல்லிசாக நறுக்கிய மாட்டுக்கறி, காளான், வெங்காயம், மேலே புளித்த கிரீம். கனகம் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டும் கடைசிவரை சோக்கனாப்பு என்றுதான் சொன்னாள். கவுண்டர் வீட்டு அடுப்பில் மாட்டுக்கறி ஏறியதில்லை என்பதால் காளானை மட்டும் வதக்கி, கிரீமுக்குப் பதிலாகத் தயிரை ஊற்றினாள். தயிர் திரிதிரியாகப் பிரிந்து நின்றது. ரித்திகா வழித்துச் சாப்பிட்டாள். வீடு நகர்ந்தது.

அடுத்த முறை தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு ஸ்பூன் மைதாவைக் கலந்து, அடுப்பைத் தணித்து ஊற்றினாள். பிரியவில்லை, வீடு ஒரு அடி போனது. வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க விட்ட நாளில் மூன்றடி. ருசி சரியாக அமைய அமைய வீடு கூடுதலாகப் போனது. மின்வாரியத்து ஆள் வந்து வயரை நீட்டிக் கொடுத்தார். வடக்கு வீட்டுச் சென்னகிருஷ்ணன் காம்பவுண்டு சுவரைத் தாமே இடித்து, தோட்டத்து வழியாகப் போகச் சொன்னார். சுவருக்காக மனசு கோணலாமா என்பது அவர் கட்சி. பக்கத்துத் தெருவில் இருந்த ரிஃபத் விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அசல் மாட்டுக்கறியிலேயே செய்து ரித்திகாவைக் கூப்பிட்டுப் பரிமாறினாள். பெண் அங்கே சாப்பிட்டாள்; இங்கே கனகத்தின் வீடு, மாவாட்டிக்கொண்டிருந்த கனகத்தோடு சேர்ந்து, பதினெட்டு அடி போனது. அதற்கப்புறம் கொல்லைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே முப்பதடிதான் பாக்கி.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. அந்த ஆற்றங்கரை ஊர் ஆஸ்பத்திரியிலேயே மேற்படிப்புக்கு இடம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ரித்திகா அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். கனகம் அதைத் தொடாமல் சுற்றித் துடைத்தாள். ஆறு வருடம் கைப்பேசியில் பார்த்த முகத்தை இனியும் கைப்பேசியிலேயே பார்க்க அவளால் முடியாது. முப்பத்தொன்றாம் தேதி எப்படியாவது கழிந்துபோனால் போதும் என்று இருந்தாள்.

அந்த வாரத்தில்தான் ரித்திகா போகிற போக்கில், இதில் ஒரு ஸ்பூன் கடுகு சேர்க்கணும்மா என்றாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளையிடம் கடுகு என்றால் அவள் என்ன செய்வாள்? எண்ணெயைக் காயவைத்து, கடுகு பொரிந்ததும் இரண்டு ஆர்க்கு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, சோக்கனாப்பின் தலையில் கொட்டினாள். ரித்திகா தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சாப்பிட்டாள். வீடு அசையவில்லை. வேலுமணி இரண்டு முறை டேப்பை வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட இல்லை.

மருந்து கிடைத்துவிட்டது என்று கனகம் தினமும் அதையே செய்தாள். வீடு நின்றது. கூடவே பெண்ணும் நின்றுவிட்டாள். மாடிக்கு ஓடவில்லை, புத்தகத்தைத் திறக்கவில்லை, எதற்கும் சண்டைக்கு வரவில்லை. போட்டதைத் தின்று, பின்பக்க ஜன்னலில் நின்று ரயில் பார்த்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாகிவிட்டாள். அதைப் பார்த்து இப்போது கனகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றும் எடுக்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினாள், பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள்.

இருபத்தெட்டாம் தேதி ரிஃபத் வீட்டுக்குப் போனாள். கனகம் செய்கிற பக்குவத்தைக் கேட்டுவிட்டு ரிஃபத் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, அது அரைச்ச கடுகுக்கா. பொரிக்கிற கடுகு இல்ல."

"தெரியும் ரிஃபத்து. செல்லுல பாத்துப்போட்டேன். பத்து நாளாவே தெரியும்."

சொல்லிவிட்டு அழுதாள். பத்து நாள் தெரிந்தே பொரித்த கடுகு ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் கிடந்து வெடித்தது. ரிஃபத் டீ வைத்துக் கொடுத்தாள். பிறகு கனகம், கறி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டாள்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி உக்கடம் போய் வந்தார்கள். நம்மூர் மாடு உழைத்த மாடு, சும்மா வதக்கினால் தோலாக இழுக்கும் என்று ரிஃபத் பப்பாளிக்காயை அரைத்துப் பூசி ஒரு மணி நேரம் வைக்கச் சொன்னாள். தன் சமையலறையிலேயே செய்து எடுத்துப் போகும்படியும் சொன்னாள். கனகம் கேட்கவில்லை. புதுச் சட்டி வாங்கி, தன் அடுப்பிலேயே ஏற்றினாள். வாசனை வந்ததும் வேலுமணி தயிர்சோற்றுத் தட்டோடு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அம்மியில் கடுகை வழவழவென்று அரைத்துக் கலந்தபோது கனகத்தின் கண் எரிந்தது, கடுகினால் பாதி.

ரித்திகா ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தாள்.

"கடுகு பொரிக்கலியாம்மா?"

"இல்ல கண்ணு. அரைச்சுப்போட்டேன்."

"அப்ப ஊடு போயிருமே."

"போகட்டும். நீ சாப்பிடு."

வீடு கிளம்பியது. தட்டோடு வெளியே இருந்த வேலுமணி எழுந்து, அதன் கூடவே நடந்தார். ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருவதற்குள் தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப்புறத்து வேப்பமரத்தடியில் போய் நின்றது. ரித்திகா கை கழுவிவிட்டு, ஃப்ரிட்ஜின் மேலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். செப்டம்பரில் விமானம் ஏறினாள்.

அவள் போன முதல் ஞாயிற்றுக்கிழமை கனகம் காளானில் செய்து, கடுகை அரைத்து ஊற்றி, தானே உட்கார்ந்து சாப்பிட்டாள். வீடு பதினோரு அடி போனது. அடுத்த ஞாயிறும் அப்படியே. வேலுமணி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த வேகத்தில் மகள் ஊர் போய்ச் சேர இருபத்தெட்டாயிரம் வருடம் ஆகும் என்றார். புதன்கிழமையும் செய்தால் என்று கனகம் கேட்டாள். பாதியாகும் என்றார். இப்போது புதனும் ஞாயிறும் செய்கிறாள். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டிக்கு மாற்றியாயிற்று. வாசற்படிக்குச் சக்கரம் வைத்தாயிற்று. தபால்காரர் புதன்கிழமை வருவதில்லை, வீடு நின்ற இடம் பார்த்து வியாழக்கிழமைதான் வருகிறார். ரித்திகா மட்டும் அழைக்கும்போதெல்லாம், எங்கேம்மா இருக்கே என்று கேட்கிறாள்.

"வாரேன் கண்ணு" என்கிறாள் கனகம்.