நாற்பதாயிரம் மனுக்களும் ஒரே அர்த்தமும்

கொடைக்கானலில் எங்கள் தாலுகா அலுவலகப் பதிவறைக்கு ஞானம் வந்தது போன மாதம்தான். நாற்பதாயிரம் பழைய மனுக்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பெயர் வேண்டாம், எண் வேண்டாம், விஷயத்தைச் சொன்னால் அர்த்தம் பார்த்து அதுவே எடுத்துத் தரும் என்றார் கம்பெனிக்காரர் சேனாதிபதி. அந்தத் தைரியத்தில் பதிவேடுகளையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டாயிற்று. இருபத்திரண்டு வருடம் அவற்றை எழுதியவள் நான், மணிமேகலை. என்னை யார் கேட்டார்கள்?

முதல் ஆளாகப் பாச்சலூர் பொன்னுத்தாய் வந்து நின்றாள். அவளது அவரைத் தோட்டத்துப் பாதையில் ஒரு ரிசார்ட்காரர் கேட் போட்டு மறித்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று இப்போது கோர்ட்டில் சாதிக்கிறாராம். கேட் போட்ட வருடமே இவள் எங்களிடம் மனு கொடுத்திருக்கிறாள். அந்தத் தாள் நாளைக்குக் கோர்ட்டில் இல்லையென்றால் பாதை போச்சு, பின்னாலேயே தோட்டமும் போச்சு.

கேள்வியை முறையாகக் கேட்க வேண்டாமா? நானே சொல்லிக் கொடுத்தேன். "ஐயா, மேற்படி பாதைப் பிரச்சினை குறித்துக் கருணை கூர்ந்து" என்று சேனாதிபதி தட்டினார். ஆறாயிரம் மனுக்கள் வந்து விழுந்தன. முதலாவது தெருவிளக்கு. அடுத்தது முதியோர் பென்ஷன். மூன்றாவது குரங்குத் தொல்லை. மனிதருக்கு முகம் செத்துப்போனது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வாசலில் மனு எழுதும் தண்டாயுதபாணி, யார் வந்து என்ன சொன்னாலும் ஒன்றரைப் பக்கம் தாழ்மையும் பரம ஏழையும் எழுதுவார். கடைசியில் விஷயத்துக்கு ஒரு வரி ஒதுக்குவார். எல்லாவற்றுக்கும் அர்த்தம் 'கும்பிடுறேன் சாமி' என்று கம்ப்யூட்டர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்துத் தெரிந்துகொண்டோம்.

தண்டாயுதபாணிதானே எழுதினார் என்று பொன்னுத்தாயிடம் கேட்டேன். இல்லையாம். அன்றைக்கு அவர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டாராம். இவள் சொல்லச் சொல்ல மகள் புவனா பள்ளிக்கூட நோட்டுத்தாளில் எழுதினாளாம். அதை அப்படியே சொல்லச் சொன்னேன்.

"எம் பாதையில கேட்டப் போட்டுட்டு அவன் சொகமாத் தூங்குறான். நான் அவரைக்கா மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு மூணு மைல் சுத்துறேன். சம்பளம் வாங்கிட்டு நீங்க என்ன சோலி பாக்குறீங்க? இம்புட்டுத்தாங்க எழுதுனோம்."

சேனாதிபதி அதையே தட்டினார். முதலாவதாக வந்து நின்றது அந்தத் தாள். புவனாவின் உருண்டை எழுத்து, தேதியோடு எங்கள் முத்திரை. பொன்னுத்தாய் கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

ஓரத்தில் நீல மையில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றாள். வேறு வழியில்லாமல் வாசித்தேன்: "நடையில் மரியாதை இல்லை. முறைப்படி எழுதி வரச் சொல்லவும். நடவடிக்கை தேவையில்லை."

"யாரு எழுதுனதுங்க?"

"நான்தான்."

அவள் தாளை நாலாக மடித்து மடியில் சொருகிக்கொண்டாள்.

"அப்ப நான் சொன்னது அன்னைக்கே உங்களுக்கு வெளங்கியிருக்குங்க."