கேட்சர் வரிசையும் பன்னிரண்டாவது இடமும்

"வெல்கம் சபரி" என்ற வரியை என் கணவரின் போனில்தான் முதலில் பார்த்தேன். சமையலறை மேடையில் கிடந்த போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் குரூப்பில் ஆண்கள் எல்லாரும் வரிசையாகக் கைதட்டல் எமோஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கென்று சொல்லி வைத்த இடத்தை வேறு யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கைதட்டல் வேறு.

என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். இங்கேயும் எடிசனிலும் இருக்கிற நம்மூர் ஆண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சில வருடங்களாக ஃபேண்டஸி பேஸ்பால் லீக் ஒன்று நடத்துகிறார்கள். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவார்கள். அதற்குப் பெயர் டிராஃப்ட். நாம் எடுத்த ஆள் நிஜ மைதானத்தில் அடித்தால் நமக்குப் புள்ளி. ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அதனால் எந்த இடத்துக்கு யார் முதல், யார் அடுத்து என்று முன்பே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் போய் உட்கார வேண்டும்.

எங்கள் வீட்டில் கேட்சர் வரிசை போடுவது நான். மற்ற இடங்களை என் கணவர் ஜெயபிரகாஷ், எல்லாருக்கும் ஜேபி, ஏதோ வெப்சைட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். கேட்சரை மட்டும் அவரால் முடியாது. அவரால் மட்டுமல்ல, அந்த லீக்கில் யாராலும் முடியாது. காரணம் கிரிக்கெட். இவர்களுக்குக் கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர். கீப்பர் தொடர் முழுக்க எல்லா மேட்சும் ஆடுகிறாரே, கேட்சரும் ஆடுவார் என்று நினைத்து, பெரிய பேர் உள்ளவனாகப் பார்த்து முதலிலேயே எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பேஸ்பால் ஆறு மாதம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஒவ்வொரு பந்துக்கும் குந்தி உட்கார்ந்து எழும் கேட்சரின் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் அவனை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். அவன் உட்கார்ந்த நாளில் நமக்கு முட்டை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மகள் தீக்ஷா ஹைஸ்கூல் சாஃப்ட்பால் அணியின் கேட்சர். சாஃப்ட்பால் என்பது பெண்பிள்ளைகள் ஆடும் பேஸ்பால் மாதிரி. அவள் முழங்காலுக்கு ஐஸ் கட்டுவது நான். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால் இரண்டாவதில் அவளைக் கோச் உட்கார வைப்பார். சில நாள் குந்தவிடாமல் பேட்டிங்குக்கு மட்டும் இறக்குவார். பெரிய லீக்கிலும் இதே கதைதான். அதனால் நான் யார் நன்றாக அடிக்கிறான் என்று மட்டும் பார்ப்பதில்லை. குந்தாத நாளிலும் யாரைக் கூப்பிட்டு அடிக்க இறக்குகிறார்கள் என்று பார்ப்பேன். மருந்துக் கம்பெனியில் பரிசோதனைக் கணக்கு போடுவது என் வேலை. அங்கேயும் வராத நோயாளியைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் மருந்து நல்ல மருந்தாகத்தான் தெரியும்.

போன வருடம் விட்காம் என்று ஒருவனை எடுக்கச் சொன்னேன். யாருக்கும் பெயர்கூடத் தெரியாது. அந்த விட்காமால்தான் எங்கள் வீட்டுக்குக் கோப்பை வந்தது. கோப்பை கொடுத்த பார்ட்டியில் ஜேபி மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண் விழித்து ரிசர்ச் பண்ணியதாகப் பேசினார். நோகாமல் நொங்கு தின்பது என்பது இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே எழுந்து, அடுத்த வருடம் நானே ஆடுகிறேன் என்றேன். கௌசிக் என்பவர் வேலை மாறி டெக்சாஸ் பக்கம் ரவுண்ட் ராக்குக்குப் போவதாக இருந்தார். லீக்கை நடத்தும் ரஞ்சித்குமார் எல்லாருக்கும் முன்னால் சொன்னார், கௌசிக் இடம் வான்மதிக்குத்தான் என்று. எல்லாரும் அன்றைக்கும் கைதட்டினார்கள்.

அதை நம்பி குளிர்காலம் முழுக்க உழைத்தேன். எல்லா அணிகளின் கேட்சர்களையும் பார்த்தேன், மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களைக்கூட விடவில்லை. கேட்சரோடு நிற்காமல் இந்தத் தடவை எல்லா இடத்துக்கும் வரிசை போட்டேன். எனக்கென்று ஒரு அணி, அதன் மேல் என் பெயர். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது, ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

சபரி யார் என்று ஜேபியைக் கேட்டேன். ரஞ்சித்தின் மனைவியுடைய தம்பி, ஜனவரியில்தான் ஊரிலிருந்து மனைவி குழந்தையோடு வந்திருக்கிறான் என்றார். இந்த விஷயம் உனக்கு எப்போது தெரியும் என்றேன். போன மாதமே தெரியுமாம். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

"ஒரு லேடி உக்காந்திருந்தா பசங்க ஃப்ரீயா பேச முடியாதுன்னு ரஞ்சித் ஃபீல் பண்றான், வானு. அவன் சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கில்ல?" என்றார்.

கையிலிருந்த தட்டை மேடையில் வைத்தேன். வைத்திருக்காவிட்டால் அது பறந்திருக்கும். அவரே மறுபடி, நான் கவலைப்பட வேண்டாம், என் கேட்சர் வரிசையை அவர் ஏற்கெனவே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார், அது வீணாகாது என்றார். இதை ஆறுதலாகச் சொன்னார். கறிவேப்பிலைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஜெயித்தவர் வீட்டில்தான் அடுத்த வருட டிராஃப்ட் நடக்க வேண்டும் என்பது இந்த லீக்கின் வழக்கம். சோறு, டீ, பலகாரம் எல்லாம் ஜெயித்தவர் பொறுப்பு. அதாவது நான் வாங்கிக் கொடுத்த கோப்பைக்காக, என்னைச் சேர்க்காத கூட்டத்துக்கு நானே சமைக்க வேண்டும்.

சமைத்தேன். விருந்தாளி என்று சொல்லிவிட்டால் கை தானாக வாணலிக்குப் போகிறது, அப்படி வளர்த்துவிட்டார்கள். பள்ளிபாளையம் சிக்கனுக்கு மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தபோது தீக்ஷா பிராக்டிஸுக்குக் கிளம்பி வந்தாள்.

"வை ஆர் யூ குக்கிங் ஃபார் தெம், அம்மா?" என்றாள்.

போய் ஷூவைப் போடு என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

சனிக்கிழமை மதியம் எல்லாரும் லேப்டாப்போடு வந்து பேஸ்மெண்ட்டில் இறங்கினார்கள். எங்கள் பேஸ்மெண்ட்டில் போன் சிக்னல் துளிகூட வராது, வீட்டு வைஃபைதான் கதி. பெரிய டிவியில் பன்னிரண்டு அணிகளின் பலகை. ஒவ்வொரு முறைக்கும் தொண்ணூறு வினாடி. அதற்குள் எடுக்காவிட்டால் கம்ப்யூட்டரே ஒரு ஆளை எடுத்துப் போட்டுவிடும். நான் மேலே உளுந்து வடை தட்டிக்கொண்டு காதை மட்டும் கீழே வைத்திருந்தேன்.

ரஞ்சித் இரண்டாவது சுற்றிலேயே ஹாலோரன் என்ற கேட்சரை எடுத்தார். இவன் ஒரு மேட்ச் விடாமல் ஆடுவான் என்று அவர் சொன்னது மேலே வரை கேட்டது. ஹாலோரனுக்குப் போன வருடக் கடைசியில் முழங்காலில் கத்தி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபிறகு இன்னும் கோபம் வந்தது. அடுத்து ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. சபரி எடுத்த பந்துவீச்சாளர் தோளில் அடிபட்டு இந்த வருடம் ஆடவே போவதில்லையாம்.

கொஞ்ச நேரத்தில் படியேறி சபரியே வந்தான். முப்பது வயது இருக்கும், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். கையில் லேப்டாப். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்துவிட்டும் போகவில்லை.

"அக்கா, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. மாமா அவரா பேரக் குடுத்துட்டாரு. இது உங்க எடம்னு நேத்துதான் அஞ்சனா சொன்னா" என்றான். அஞ்சனா அவன் மனைவி.

அவன் மேல் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. மூன்றாவது சுற்றில் அவன் முறை வந்து லேப்டாப் மணியடித்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வடைக் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நான் மாவுக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எனக்கு வெறும் கிளிக் சத்தம்தான். குளிர்காலம் முழுக்க தலையில் ஏற்றி வைத்திருந்தது மளமளவென்று இறங்கியது. கீழே ஒவ்வொரு முறையும் ஆஹா ஓஹோ என்று சத்தம். சபரி மேலே வடை தின்றுகொண்டே சரியாக எடுக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவன் வடையைக் கருக்கிக்கொண்டிருந்தான்.

பதினோராவது சுற்று வந்தது. என் கேட்சர் வரிசையில் முதல் பெயர் எமிலியோ பராடா. வெப்சைட்டுகள் அவனை இருபதாவதாகப் போட்டிருந்தன. அதனால்தான் அவன் பெயர் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன், அவசரம் வேண்டாம், பதினோராவது சுற்று வரை பராடாவை யாரும் தொடமாட்டார்கள் என்று. ஜேபி எடுத்த போட்டோவில் அதுவும் இருந்தது; அதைப் பார்த்து அவரும் காத்திருந்தார். அந்தச் சுற்றில் அவருக்கு முந்தின முறை சபரியுடையது.

பராடாவை எடுத்தேன்.

கீழே ஒரு நாற்காலி நகர்ந்தது. "இது எப்படி? பராடா வானு லிஸ்ட்ல இருக்கற ஆளு. சபரிக்கு எப்படித் தெரியும்?" என்று ஜேபி கேட்டது தெளிவாகக் கேட்டது. ஜெயித்தபோது அது அவருடைய ரிசர்ச். கையைவிட்டுப் போனதும் வானு லிஸ்ட் ஆகிவிட்டது.

அதற்கு ரஞ்சித் சொன்னார்: "பாத்தீங்களா, ஆள் செலக்‌ஷன்னா இப்படி இருக்கணும். மாப்ள மொத வருஷமே எப்படி எடுக்கறான் பாருங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் எனக்கு உறைத்தது. போன வருடம் ஜேபி பெயரில் உழைத்தேன், இந்த வருடம் சபரி பெயரில். ஆள் மாறியிருக்கிறான், வேலைக்காரி மாறவில்லை. இப்படியே விட்டால் செப்டம்பரில் சபரி கோப்பை வாங்குவான், நான் அவன் வீட்டில் போய் வெங்காயம் உரிப்பேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். கறுத்த வடைத் தட்டோடு சபரியும் பின்னால் வந்தான். காலியாக இருந்த அவன் நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பை எல்லாரும் பார்க்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன்.

"மூணாவது ரவுண்டுல இருந்து எடுத்தது நான்" என்றேன். "போர்டுல பேர மாத்துங்க ரஞ்சித்."

ரஞ்சித் சபரியைப் பார்த்தார். ஆமாங்க மாமா, எனக்கு வேண்டாம், அக்காவே ஆடட்டும் என்றான் அவன். ரஞ்சித் ரூல்ஸ் என்று ஆரம்பித்தார், நடுவில் ஆளை மாற்றினால் தப்பான முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார். ஜேபி என்னைப் பார்த்து, வானு, ஆளுங்க முன்னாடி வேண்டாமே என்றார். போன வருடம் வாக்குக் கொடுத்ததும் இதே ஆளுங்க முன்னாடிதான். அதை ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. எல்லாருக்கும் திடீரென்று அவரவர் வடை மேல் அக்கறை வந்துவிட்டது.

"மாத்தலைன்னா நான் மேல போய் ரௌட்டரை ஆஃப் பண்ணிடுவேன். அப்புறம் எல்லாரும் வாசல்ல நின்னு டிராஃப்ட் பண்ணிக்கங்க. வடையும் கிடையாது, சிக்கனும் கிடையாது" என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் பைத்தியம் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள்.

டிவியில் ஜேபியின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யம் வந்ததும் கம்ப்யூட்டர் அவருக்கு ஒரு கேட்சரை எடுத்துப் போட்டது. யார் என்று பார்த்தேன். விட்காம். போன வருடத்துக் கேட்சர்; இந்த வருடம் அவன் அணி இன்னொரு இளைய கேட்சரைக் கொண்டுவந்து, விட்காமைப் பாதி நாள் பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறது. என் வரிசையில் அவன் இருபத்தாறாவது.

ரஞ்சித் கீபோர்டில் கை வைத்தார். டிவியில் சபரி என்ற பெயர் ஒவ்வொரு எழுத்தாக அழிந்து கட்டம் காலியானது. பிறகு என் பெயர் வந்தது.

கோபம் அடங்கிவிடும் என்று நினைத்தேன், அடங்கவில்லை. கேட்டு வாங்குவதற்கும் மிரட்டி வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மிரட்ட வைத்ததற்காக அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, ஜேபியையும்தான். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

அடுத்த சுற்று தொடங்கியது. பேஸ்மெண்ட்டில் ஒரு சத்தம் இல்லை. நான் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"இப்ப ஃப்ரீயா பேசுங்க" என்றேன்.