மேஜைக்கு இறங்கிய இதழ்கள்

நூலகத்தின் இரண்டாம் மாடியில் காலை நேரத்தில் தடதடவென்று கேட்ட சத்தத்துக்குக் காரணம், வேதியியல் இதழ்கள் மொத்தமும் அலமாரியை விட்டு இறங்கி, வாசிப்பு மேஜைகளில் ஏறிப் படுத்துக்கொண்டதுதான். ஒவ்வொரு வருடத்து இதழ்களையும் சேர்த்துக் கட்டிய கனத்த தொகுதிகள் அவை. அட்டையை விரித்து, நடுப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். டிராலி தள்ளும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு நேராகக் கத்திரியின் அறைக்கு வந்தார்.

"மேடம், கெமிஸ்ட்ரி எல்லாம் இறங்கிடுச்சு."

"யார் இறக்கினா?"

"யாரும் இறக்கலை. தானா இறங்கிடுச்சு. இதையும் எண்ணணுமா?"

கத்திரி என்பது பேராசிரியர்கள் வைத்த பெயர். பல்கலைக்கழக நூலகத்துக்குப் புத்தகமும் இதழும் வாங்குவது அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது வாங்குகிற வேலையாகத்தான் இருந்தது. மானியம் குறையக் குறைய, வெட்டுகிற வேலையாகிவிட்டது. எந்தச் சந்தாவை நிறுத்தினாலும் ஒரு துறை அவளோடு பேச்சை நிறுத்தியது. யாரும் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று அவள் ஒரு விதி செய்தாள். படித்த இதழைத் திரும்ப அடுக்காமல் மேஜையிலேயே விட வேண்டும். சாயங்காலம் டிராலி அக்கா எண்ணுவார். மேஜைக்கு வராத இதழுக்குச் சந்தா கிடையாது. பேராசிரியர்கள் அதை உடனே புரிந்துகொண்டார்கள். ஆளாளுக்கு மாணவர்களை ஏவி, தங்கள் துறைத் தொகுதிகளை மேஜை மேஜையாகப் பரப்பினார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் பல்லிளித்தார்கள். இதழ்கள் இதையெல்லாம் அலமாரியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தன. பிறகு ஆளுக்குக் காத்திருக்காமல் தாமே கிளம்பிவிட்டன.

வேதியியலைப் பார்த்து இயற்பியல் இறங்கியது; அதைப் பார்த்துச் சட்டம். மாலையானால் காவலாளி கோழி அடைப்பதுபோல எல்லாவற்றையும் அலமாரிக்கு விரட்டினார். இதழ்கள் வாசகர்களுக்கு நாற்காலி விட வேண்டும் என்று நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. பொருளாதாரத் தொகுதிகள் மட்டும் அதை மதிக்கவில்லை. இப்படியே அந்த வருடம் போனது.

இதில் மாட்டிக்கொண்டவள் கத்திரிதான். எல்லாமே மேஜையில் கிடந்தால் எதை வெட்டுவது? விதியைக் காட்டித் தப்பித்து வந்தவள், இனி தன் வாயால் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். நிதி அதிகாரி நேரிலேயே வந்து பார்த்தார். தன் காலில் ஏறிய சட்டத் தொகுதியை மெல்ல ஒதுக்கிவிட்டு, "எல்லாத்தையும் படிக்கிறாங்கன்னா ரொம்ப சந்தோஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேர் குடுங்கம்மா. இல்லேன்னா நானே வெட்டிடுவேன். எனக்கு விலை ஒண்ணுதான் தெரியும்" என்றார். விலையில் முதலிடம் மருத்துவ இதழ்களுக்கு. பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர்கள் கேஸ் சிக்கலானால் ஓடி வந்து புரட்டுவது அவற்றைத்தான்.

கத்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள், நடந்து நடந்து கடைசி அலமாரி முன்னால் போய் நின்றாள். நூலகத்திலேயே இறங்கி வராத இதழ் ஒன்றே ஒன்று அங்கே இருந்தது. மண்புழு ஆராய்ச்சி இதழ். வெளிநாட்டிலிருந்து வருவது, விலையும் லேசுப்பட்டதல்ல. அதை நிறுத்தினால் இந்த வருடத்து நிதிப் பள்ளம் அடைபட்டுவிடும். ஆனால் அதைப் படிக்கிற ஒரே ஆள் அவள் கணவர், விலங்கியல் துறையின் மண்புழு வாத்தியார். அந்த இதழ் நின்றால் மனுஷன் உடைந்துபோவார் என்று அவள் நம்பினாள். படித்துவிட்டு மறதியாக அலமாரியிலேயே வைத்துவிடுகிறார், அதனால்தான் கணக்கில் வரவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, இதற்கு முன் இரண்டு தடவை அதைத் தப்பவிட்டிருந்தாள்.

"இறங்கித் தொலையேன்" என்றாள் அதைப் பார்த்து. "மத்ததெல்லாம் வெட்கம் கெட்டு உருளுது. உனக்கு மட்டும் என்ன கௌரவம்?"

அது அசையவில்லை. இறங்குவதற்குத் தோதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் இல்லை. தானே தூக்கி மேஜையில் வைத்துவிட்டால் அதுவும் கணக்கில் வந்துவிடும்; டிராலி அக்காகூட அந்த உதவிக்காகவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கத்திரியின் கை அலமாரிவரை போனது, ஓடி வரும் டாக்டர்களை நினைத்துத் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை நிதி அலுவலகத்தில் அந்த இதழின் பெயரைச் சொன்னாள். சொன்ன கையோடு விலங்கியல் துறைக்கு நடந்தாள். கணவர் மண் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"உங்க இதழைத்தான் குடுத்துட்டேன். திட்டறதுன்னா இங்கேயே திட்டிடுங்க. வீட்டுக்குக் கொண்டு வராதீங்க."

அவர் திட்டவில்லை. குவளையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் இறங்கலையா?"

"இல்லைங்க. கெஞ்சிக்கூடப் பார்த்தேன்."

"எப்படி இறங்கும்? அஞ்சு வருஷமா நான் அதைப் பிரிச்சே பார்க்கலைம்மா. அதுக்கு ரோஷம் இருக்காதா?"