பத்துக்குப் பத்து

ஒன்பதாம் வகுப்பு ஆங்கில ஆசிரியைக்கு அந்த வருடம் கொலாஜ் பைத்தியம் பிடித்திருந்தது. கதையின் கருப்பொருளை வாயால் நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கம்ப்யூட்டரில் நாலு படங்களை வெட்டி ஒட்டித் திரையில் காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இணையத்துப் படங்கள் வேண்டாம், நீங்களே எடுத்தவையாக இருக்கட்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எடுக்கும்போது ஆளைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

'தோல்வி' என்ற கருப்பொருளுக்கு அவள் செய்த கொலாஜில் ஒரு நின்றுபோன கடிகாரம், படி உடைந்த ஏணி, நடுவில் ஒரு மனிதன். பள்ளிக்கு எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில், கட்டம்போட்ட சட்டையும் மடியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிய ஹெல்மெட்டுமாகத் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவனை மாடி ஜன்னலிலிருந்து செல்போனில் பிடித்திருந்தாள். பின்னணியை நீக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, மேலே ஆங்கிலத்தில் தோல்வி என்று பெரிதாகப் போட்டாள். முகம் தெரியவில்லை. அதனால் யாரோ எவரோ என்ற கவலையும் அவளுக்கு வரவில்லை.

"இந்த ஆளப் பத்திப் பத்து வரி எழுதுங்க," என்றாள்.

வாயாடி என்று வகுப்பே பெயர் வைத்திருந்த பெண் அன்று வாயே திறக்கவில்லை. சனியன் விட்டது என்றுதான் ஆசிரியை நினைத்தாள். ஆனால் வாயாடி எழுதியதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. இவன் எதற்கும் உதவாதவன், இவனுக்குப் போக்கிடம் இல்லை, இவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆசிரியை அதை உரக்க வாசித்தாள். பத்துக்குப் பத்து போட்டு, கைதட்டச் சொன்னாள். எல்லோரும் தட்டினார்கள். தலைமையாசிரியை பாராட்டியதில் கொலாஜ் பெரிதாக அச்சாகி வகுப்பின் பின்சுவரில் ஏறியது.

அடுத்த வாரம் வீடு திரும்பும்போது, ஆசிரியை தெருமுனை மருந்துக்கடைப் பக்கம் அதே கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தாள். அதே ஹெல்மெட், அதே நட்சத்திர ஸ்டிக்கர். வாயாடி ஓடிவந்து வண்டியின் பின்சீட்டில் ஏறினாள்.

"ஸ்கூல் எதிர்ல உக்கார பெஞ்சு இருக்குல்ல பாப்பா. ஏன் இங்க நிக்கச் சொல்ற?"

"அங்க வேணாம்ப்பா."

பெற்ற அப்பாவை எதற்கும் உதவாதவன் என்று எழுத வைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்தாயிற்று.

மறுநாளே படத்தைக் கழற்றியிருக்கலாம். தலைமையாசிரியை ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தள்ளிப்போட்டாள். வாயாடியிடம் மன்னிப்புக் கேட்க மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் வீட்டுப்பாடத்தை விசாரித்து அனுப்பினாள். பயந்தாங்கொள்ளிக்குச் சாக்குக்கா பஞ்சம்?

பெற்றோர் கூட்டத்துக்கு வாயாடியோடு அவள் அப்பா வந்தார். அதே சட்டை, இஸ்திரி போட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பு நீவி மேஜையில் வைத்தார்.

"இங்கிலீஷ்ல பத்துக்குப் பத்து மிஸ். பைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா, நேத்துதான் கண்ணுல பட்டுச்சு. எனக்குப் படிக்க வராது. என்ன எழுதியிருக்கான்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

ஆசிரியை தாளைக் கையில் எடுத்தாள். வாயாடி முந்திக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சு நேரா வந்து, வீட்டுக்குப் போய்ப் படுக்காம, பொண்ணுக்காகக் காத்துட்டிருக்கிற ஒருத்தரப் பத்திப்பா." பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். "அப்படித்தானே மிஸ்?"

"அட, நம்ம கதையாட்டம் இருக்கே," என்று அவர் சிரித்தார். "படத்தப் பாத்து எழுதினதுன்னு பாப்பா சொன்னா. அந்தப் படத்தப் பாக்கலாமா மிஸ்?"

படம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் தொங்கியது. இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் திரும்பிப் பார்க்காமலே போய்விடக்கூடும். ஆசிரியை ஒரு கணம் அதையும் யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகவே தன்மேல் அருவருப்பு வந்தது.

"பின்னாடி இருக்கு சார். அது நீங்கதான். உங்களக் கேக்காம எடுத்தேன். மேல தோல்வின்னு எழுதி வெச்சேன். உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. நான் வெச்ச பேர்தான் தப்பு. மன்னிச்சிடுங்க."

வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்து சுவர் அருகே போய்ப் பார்த்தார். ஸ்டிக்கரை விரலால் தொட்டார். திரும்பி வந்தபோது கோபம் இருக்கும், இருக்கட்டும் என்று ஆசிரியை காத்திருந்தாள். அவரோ மேலதிகாரி முன்னால் நிற்பவர்போல் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு டபுள் டியூட்டி மிஸ், கொஞ்சம் கண்ணசந்துட்டேன். இனிமே ஸ்கூல் முன்னாடி அப்படி உக்கார மாட்டேன்."